நிக்கோலா டெஸ்லா – கம்பியும் குழாயும் மின்னலும்



இந்த மாதம் அறிவியல் பகுதிக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும். எடிசன், நியூட்டன், ஐன்ஸ்டீன் எல்லாரையும் போன மாதங்களில் எழுதிட்டாங்க. அதனால் நான் நிக்கோலா டெஸ்லாவை எடுத்துக்கொண்டேன். டெஸ்லா என்றதும் நிறைய பேருக்குக் கார்தான் ஞாபகம் வரும். அந்தக் கார் கம்பெனிக்கு இவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் அறிவியல் புத்தகத்தில் காந்தப்பாய அடர்த்திக்கு டெஸ்லா என்று ஒரு அலகு வருகிறதே, அதுவும் இவர் பெயர்தான். அவ்வளவு ஏன், கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மூணு ஃபேஸ் மோட்டார் கூட இவர் காட்டிய வழியில் வந்ததுதான்.

பிறப்பும் இளமையும்

டெஸ்லா 1856ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி ஸ்மில்யான் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இப்போது குரோஷியா நாட்டில் இருக்கிறது. அப்பா மிலுட்டின், செர்பிய மரபுக் கிறிஸ்தவக் கோயிலில் பாதிரியார். அம்மா ஜூகா பள்ளிக்கூடமே போகாதவர். ஆனால் நீளமான செர்பியக் கதைப்பாடல்களை மனப்பாடமாகச் சொல்வார். நூல் நூற்பார், நெய்வார், வீட்டுக்கு வேண்டிய சாமான்களைத் தானே யோசித்துச் செய்துகொள்வார். தன்னுடைய கைவேலைத் திறமை அம்மாவிடமிருந்து வந்தது என்றுதான் டெஸ்லா பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அம்மா நூல் சுற்றினார், மகன் கம்பி சுற்றினார், அவ்வளவுதான் வித்தியாசம்!

டெஸ்லாவுக்கு ஒரு அண்ணன், மூன்று சகோதரிகள். அண்ணன் டானே ரொம்ப புத்திசாலி. அவர் ஒரு குதிரை விபத்தில் இறந்துவிட்டார். அப்போது டெஸ்லா சிறுவன். அந்தத் துக்கம் வீட்டை விட்டுப் போகவே இல்லை.

அப்பாவுக்கு மகன் பாதிரியார் ஆகணும் என்று ஆசை. மகனுக்கோ இன்ஜினியர் ஆகணும். 1873இல் டெஸ்லாவுக்குக் காலரா வந்தது. சுமார் ஒன்பது மாதம் படுத்த படுக்கை. பிழைக்கமாட்டான் என்றே நினைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில், நீ பிழைத்து எழுந்தால் உன்னை இன்ஜினியரிங் படிக்க அனுப்புகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். டெஸ்லா எழுந்தார். அப்பாவும் சொன்ன சொல் தவறவில்லை.

தீப்பொறி போட்ட கேள்வி

1875இல் கிராஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு நாள் பேராசிரியர் கிராம் டைனமோ என்ற இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். அதில் சுற்றுகிற பாகத்துக்கும் சுற்றாத பாகத்துக்கும் நடுவே கரண்ட் போவதற்காக பிரஷ் என்று ஒன்று உரசிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் தீப்பொறி தெறித்தது. இந்த உரசல் இல்லாமலேயே ஒரு மோட்டார் செய்ய முடியாதா என்று டெஸ்லா கேட்டார். முடியவே முடியாது என்று பேராசிரியர் வகுப்பிலேயே விளக்கம் கொடுத்துவிட்டார்.

தோழர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். இயந்திரத்தில் பழுது வருவது பெரும்பாலும் இணைப்பில்தான். கம்பி நடுவில் சும்மா கெடாது. இரண்டு சேருகிற இடத்தில்தான் உரசும், சூடாகும், பொறி பறக்கும். டெஸ்லா வாழ்க்கை முழுக்க இந்த இணைப்பைப் பற்றித்தான் யோசித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கல்லூரியில் அவர் கடைசி வரை நல்ல மாணவராக இருந்தார் என்று நினைக்காதீர்கள். சீட்டாட்டப் பழக்கம் வந்தது. உதவித்தொகை போனது. பட்டம் வாங்காமலே வெளியேறினார். 1879இல் அப்பாவும் இறந்துவிட்டார்.

1881இல் புடாபெஸ்ட் நகருக்குப் போய் டெலிபோன் வேலையில் சேர்ந்தார். 1882இல் ஒரு மாலை நேரம் நண்பரோடு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது பல வருடமாக மனதில் கிடந்த கேள்விக்குப் பதில் கிடைத்தது. கையிலிருந்த குச்சியால் மண்ணில் படம் போட்டு நண்பருக்குக் காட்டினார். அதுதான் சுழலும் காந்தப்புலம். மாறுதிசை மின்னோட்டத்தை ஒன்றன் பின் ஒன்றாக வெவ்வேறு சுருள்களில் அனுப்பினால், சுருள் அசையாமலே அதன் காந்தப்புலம் மட்டும் வட்டமாகச் சுற்றும். நடுவில் வைத்த உலோகம் அதன் பின்னாலேயே சுற்றும். பிரஷ் வேண்டாம், உரசல் வேண்டாம், பொறி வேண்டாம். இதே கருத்தை இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸ் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார். அவருக்கும் நாம் மரியாதை தரணும்.

அமெரிக்காவில் பட்ட பாடு

1884 ஜூன் மாதம் டெஸ்லா நியூயார்க்கில் கப்பலை விட்டு இறங்கினார். பையில் கொஞ்சம் சில்லறைதான். எடிசன் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆனால் சுமார் ஆறு மாதம்தான். சம்பளப் பிரச்சினையில் மனம் கசந்து வெளியேறினார். அடுத்து இரண்டு பேரோடு கூட்டுச் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார். தெருவிளக்கு வேலை முடிந்ததும் அவர்கள் இவரைக் கழற்றிவிட்டார்கள். காப்புரிமையும் கம்பெனியிடமே போனது. 1886 – 87 குளிர்காலத்தில் டெஸ்லா ஒரு நாளைக்கு 2 டாலர் கூலிக்குப் பள்ளம் வெட்டினார். உலகத்துக்கே மோட்டார் கொடுக்கப் போகிறவர் கையில் மண்வெட்டி!

1887இல் சிலர் பணம் போட்டு அவருக்கு ஒரு ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தார்கள். 1888 மே மாதம் மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற தொழிலதிபர் அதை வாங்கிக்கொண்டார். 60,000 டாலர் ரொக்கமும் பங்குமாக, அதற்கு மேல் ஒரு குதிரைத்திறனுக்கு 2.50 டாலர் உரிமைத்தொகை என்று ஒப்பந்தம். ஆனால் சில வருடத்தில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி கடனில் தத்தளித்தபோது, டெஸ்லா அந்த உரிமைத்தொகையை விட்டுக்கொடுத்துவிட்டார். அது இருந்திருந்தால் பெரிய கோடீஸ்வரர் ஆகியிருப்பார்.

அப்போது எடிசன் பக்கம் நேர்மின்னோட்டம், வெஸ்டிங்ஹவுஸ் பக்கம் மாறுதிசை மின்னோட்டம் என்று பெரிய போட்டி. மாறுதிசை மின்னோட்டத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மின்னழுத்தத்தை ஏற்றலாம், இறக்கலாம். அழுத்தம் கூடினால் அதே அளவு மின்சாரத்தைக் குறைந்த ஆம்பியரில் அனுப்பலாம். கம்பி சூடாகி வீணாவது குறையும், ரொம்ப தூரம் போகும். 1893 சிகாகோ உலகப் பொருட்காட்சிக்கு இந்த மின்சாரம்தான் விளக்கேற்றியது. 1896 நவம்பரில் நயாகரா அருவியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த பஃபலோ நகரத்துக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தது.

டெஸ்லா காயில் பிறந்த கதை

இப்போதுதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1889 வாக்கில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி மின்காந்த அலைகளை நிரூபித்ததை டெஸ்லா கேள்விப்பட்டார். தானும் அதிக அதிர்வெண் மின்னோட்டத்தை வைத்துச் சோதனை செய்தார். பழைய முறைச் சுருளில் இரும்பு உள்ளகம் சூடேறியது. இரண்டு சுருளுக்கும் நடுவே இருந்த காப்புப் பொருள் உருகியது. டெஸ்லா என்ன செய்தார் தெரியுமா? காப்புப் பொருளுக்குப் பதிலாக நடுவில் காற்று இடைவெளி விட்டார். சில சுருள்களை எண்ணெயில் மூழ்க வைத்தார். 1891இல் தன் சுருளுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருடம் மே மாதம் கொலம்பியா கல்லூரியில் சொற்பொழிவு நடத்தி, கம்பியே இல்லாமல் கண்ணாடிக் குழாய் விளக்கை எரியவைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மின்தேக்கியை நிரப்பும். நிரம்பியதும் ஒரு சின்ன இடைவெளியில் பொறி தாவும். உடனே மின்தேக்கியில் இருந்த ஆற்றல் முழுவதும் முதன்மைச் சுருளில் பாய்ந்து, நொடிக்கு லட்சக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஆடும். இந்தச் சுருளில் பத்துச் சுற்று இருந்தாலே அதிகம். அதற்கு நடுவில் நிற்கிற துணைச் சுருளில் மெல்லிய கம்பி ஆயிரம் சுற்றுப் போல இருக்கும். இரண்டு சுருளின் ஆட்டமும் ஒரே தாளத்தில் சேர்ந்தால் மேலே மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலிலேயே உயரப் போகுமே, அது மாதிரி. இதைத்தான் ஒத்ததிர்வு என்கிறோம்.

கம்பிக்குப் பதில் குழாய் ஏன்?

வீட்டில் டெஸ்லா காயில் செய்பவர்கள் முதன்மைச் சுருளுக்கு நிறைய பேர் செம்புக் குழாயைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக் வைத்திருப்பாரே, அந்த மாதிரிக் குழாய். உள்ளே ஓட்டையாக இருக்கிற குழாயில் கரண்ட் எப்படி நல்லாப் போகும் என்று எனக்கும் முதலில் சந்தேகம்தான். காரணம் இதுதான். அதிர்வெண் அதிகமானால் மின்னோட்டம் கம்பியின் நடுவில் போகாது, தோலை ஒட்டியே போகும். நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் சுமார் 9 மில்லிமீட்டர் ஆழம் வரை போகும். ஒரு லட்சம் ஹெர்ட்ஸில் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான்! அப்படியிருக்க, நடுவில் செம்பு இருந்தாலும் ஒன்றுதான், காற்று இருந்தாலும் ஒன்றுதான். குழாயில் காசும் மிச்சம், எடையும் குறைவு, வளைக்கவும் லேசு.

ஆனால் குழாயையும் கம்பியையும் சேர்ப்பதுதான் கஷ்டம். எங்கள் மாமா மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை செய்கிறார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. முதலில் இரண்டையும் உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு தேய்க்கணும். எனாமல் கம்பி என்றால் நுனியில் எனாமலைச் சுத்தமாகச் சுரண்டணும். எனாமல் இருந்தால் கரண்ட் போகாது.

2. சின்ன சால்டரிங் அயர்னை வைத்துக் குழாயில் பற்றவைத்தால் ஒட்டாது. குழாய் அந்தச் சூட்டை முழுக்க இழுத்துக்கொள்ளும். ஈயம் மேலே உருண்டையாக நிற்கும், பிடித்த மாதிரி தெரியும், ஆட்டினால் கழன்று வரும். பெரிய அயர்ன் அல்லது கேஸ் டார்ச் வைத்து, பேஸ்ட் தடவி, குழாயே சூடாகி ஈயம் அதில் தண்ணீர் மாதிரிப் பரவணும்.

3. ஈயம் இல்லாத வழியும் உண்டு. குழாயின் நுனியைத் தட்டிச் சப்பையாக்கி, ஓட்டை போட்டு, கம்பி நுனியில் லக் வைத்து, போல்ட் நட்டால் இறுக்கிவிடலாம். ஆடாமல் இருக்க ஸ்பிரிங் வாஷர் போடணும்.

4. தாளம் சரி செய்வதற்காக, குழாயில் எந்தச் சுற்றில் கம்பி சேர்கிறது என்பதை மாற்றிப் பார்ப்பார்கள். அங்கே பற்றவைக்க முடியாது, கவ்விதான் போடணும். அந்தக் கவ்வி இறுக்கமாக இருக்கணும். லூசாக இருந்தால் அங்கேயே சூடாகி ஆற்றல் வீணாகும்.

5. செம்போடு அலுமினியத்தை நேராகச் சேர்க்கக் கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போய் இணைப்பு கெடும்.

6. துணைச் சுருளில் இணைப்பே இல்லாமல் ஒரே கம்பியாகச் சுற்றுவதுதான் நல்லது. நடுவில் அறுந்துவிட்டால் பற்றவைத்து, கூர் இல்லாமல் வழவழப்பாகத் தேய்த்து, வார்னிஷ் பூசணும். கூர்மையான நுனி எங்கே இருந்தாலும் அங்கிருந்து பொறி கிளம்பிவிடும். இடிதாங்கி ஏன் கூராக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், புரியும்.

கண்டிப்பாகப் படிக்கவும்!

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு பிளக்கில் கம்பி சொருகிப் பார்க்க வேண்டாம். இது விளையாட்டு இல்லை. மேலே பறக்கிற ஊதாப் பொறிதான் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் உயிரை எடுப்பது கீழே அமைதியாக இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரும் மின்தேக்கியும். சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் போச்சு.

டெஸ்லா தன் ஆய்வுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அமைதியாக ஏதோ படிக்கிற மாதிரியும், தலைக்கு மேலே பெரிய மின்னல்கள் பாய்கிற மாதிரியும் ஒரு புகைப்படம் இருக்கிறது. அதைப் பார்த்து நிறைய பேர் ஏமாந்துவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரே ஃபிலிமில் இரண்டு முறை எடுத்த படம். மின்னலைத் தனியாக எடுத்தார்கள், அவர் உட்கார்ந்ததைத் தனியாக எடுத்தார்கள். அந்த இயந்திரத்தைச் செய்த டெஸ்லாவே அது ஓடும்போது அங்கே உட்காரவில்லை என்றால், நாம் எம்மாத்திரம்?

ஆசை இருந்தால் ஆசிரியரோடு சேர்ந்து, ஒரு டிரான்சிஸ்டரும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்துச் சின்னச் சுருள் செய்யலாம். பழைய சிஎஃப்எல் பல்பைப் பக்கத்தில் கொண்டுபோனாலே லேசாக ஒளிரும். அதையும் பெரியவர்கள் கூட இருக்கும்போதுதான் செய்யணும்.

கோபுரமும் கடனும்

1892இல் டெஸ்லா லண்டனிலும் பாரிஸிலும் சொற்பொழிவு நடத்தினார். பெரிய பெரிய விஞ்ஞானிகள் பாராட்டினார்கள். அந்தப் பயணத்திலேயே அம்மாவுக்கு முடியவில்லை என்று செய்தி வந்தது. ஓடிப்போய்க் கடைசி நேரத்தில் பார்த்தார். ஏப்ரல் மாதம் அம்மா இறந்துவிட்டார்.

1895 மார்ச் 13ஆம் தேதி நியூயார்க் ஆய்வுக்கூடம் தீப்பிடித்து எரிந்தது. கருவிகள், குறிப்புகள், வருடக்கணக்கான உழைப்பு எல்லாம் சாம்பல். மறுபடியும் ஆரம்பித்தார். 1898இல் ரேடியோ அலையால் ஓடும் சின்னப் படகைப் பொதுமக்கள் முன்னால் ஓட்டிக் காட்டினார். இன்றைக்கு ரிமோட்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அது முன்னோடி.

1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலை ஊருக்குப் போய், சுமார் 15 மீட்டர் குறுக்களவில் ஒரு மாபெரும் காயில் கட்டினார். நம் வகுப்பறையே அதற்குள் அடங்கிவிடும். செயற்கை மின்னலை உண்டாக்கினார். அவருடைய சோதனையால் அந்த ஊர் மின் நிலையத்து ஜெனரேட்டரே கருகிப் போனதாகச் சொல்வார்கள்.

கம்பியே இல்லாமல் உலகம் முழுக்கச் செய்தியும் மின்சாரமும் அனுப்பணும் என்பது அவருடைய பெரிய கனவு. ஜே.பி.மார்கன் என்ற பணக்காரர் 150,000 டாலர் கொடுத்தார். 1901இல் வார்டன்கிளிஃப் என்ற இடத்தில் வேலை ஆரம்பித்து, சுமார் 57 மீட்டர் உயரக் கோபுரம் எழும்பியது. ஆனால் அதே வருடக் கடைசியில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பிவிட்டார். டெஸ்லாவின் செலவும் கூடிக்கொண்டே போனது. மார்கன் மேற்கொண்டு பணம் தர மறுத்துவிட்டார். வேலை நின்றது. 1917இல் டெஸ்லாவின் ஹோட்டல் கடனுக்காக அந்தக் கோபுரத்தை இடித்தே விட்டார்கள். அதே 1917இல்தான் அவருக்கு எடிசன் பதக்கம் என்ற விருது கிடைத்தது. யார் பெயரில் பாருங்கள்!

கடைசிக் காலம்

டெஸ்லா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல வருடம் ஹோட்டல் அறைகளிலேயே வாழ்ந்தார். பில் கட்ட முடியாமல் ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொரு ஹோட்டலுக்கு மாறுவார். பூங்காவில் புறாக்களுக்குத் தீனி போடுவதுதான் அவருக்குச் சந்தோஷம். அடிபட்ட புறாவை அறைக்கே கொண்டுவந்து வைத்தியம் பார்ப்பார். 1943 ஜனவரி 7ஆம் தேதி, நியூயார்க்கர் ஹோட்டலில் 3327ஆம் எண் அறையில், பக்கத்தில் யாருமே இல்லாமல் இறந்து போனார். அப்போது வயது 86. ஊரெல்லாம் ஓடுகிற மோட்டாருக்கு வழி காட்டியவர் கடனோடு போய்ச் சேர்ந்தார். 1960இல்தான் அவர் பெயரை அலகாக வைத்தார்கள். அவருடைய அஸ்தி பெல்கிரேடில் உள்ள டெஸ்லா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாம் தெரிந்துகொள்வது

கம்பியோடு கம்பியை எப்படிச் சேர்க்கணும், எங்கே சேர்க்காமலே வேலை நடக்கும் என்று டெஸ்லாவுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. ஆனால் மனிதர்களோடு அவருக்கு இணைப்பு நிலைக்கவே இல்லை. எடிசன், கூட்டாளிகள், மார்கன் என்று ஒவ்வொன்றாக அறுந்தது. எல்லாவற்றுக்கும் அவர் மட்டும் காரணம் இல்லை. பணம் இருந்தவர்கள் தேவை முடிந்ததும் விட்டுவிட்டார்கள். அதனால் கண்டுபிடிப்பவரைக் கைவிடாமல் வைத்துக்கொள்வதும் ஒரு சமுதாயத்தின் கடமை என்று நான் நினைக்கிறேன். நம் வகுப்பில் யாராவது சம்பந்தமில்லாத மாதிரிக் கேள்வி கேட்டால் சிரிக்காதீங்க. கிராஸ் கல்லூரியில் முடியாது என்று சொன்ன கேள்விதான் இன்றைக்குக் கிணற்றடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி நேரம்

1. டெஸ்லாவின் மோட்டாரில் எந்தப் பாகம் தேவையில்லாமல் போனது?
2. அதிக அதிர்வெண்ணில் செம்புக் கம்பியும் செம்புக் குழாயும் ஏன் ஒன்றுபோல வேலை செய்கின்றன?
3. சுவிட்சை அணைத்த பிறகும் காயிலைத் தொடக் கூடாது, ஏன்?

பதிலை ஒரு தாளில் எழுதி அறிவியல் ஆசிரியையிடம் கொடுங்கள். சரியான பதில் எழுதியவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு